மிஷோ கவிஞரா, ஓவியரா, போதைக்காரரா?

“ஆன்ரி மிஷோ என்பவரைப் பிரெஞ்சுக் கவிஞர் என்று ஓரிடத்தில் படித்தேன், ஓவியர் என்று இன்னோரிடத்தில் படித்தேன். மெஸ்கலின் என்ற போதைப்பொருளை எடுத்துக்கொண்டுதான் வரைந்தார் என்கிறார் ஒரு நண்பர். உண்மையில் யார் இவர்? வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?” இதுதான் கேள்வி.

போதை விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். மிஷோ மெஸ்கலினை முதன்முதலாகத் தொட்டது 1955 ஜனவரியில். அப்போது அவருக்கு 55 வயது. இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வரும் கவிதை நூல்களில் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிட்டன. முதல் ஓவியக் கண்காட்சி நடந்தும் 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. தவிர, அவர் குடித்துக் கும்மாளமிட்ட ஆளும் இல்லை. நான் தண்ணீர் குடிக்கிற ரகம், சாராயம் கிடையாது, பல வருடங்களாகக் காபி, டீ, புகையிலைகூடக் கிடையாது, எப்போதாவது கொஞ்சம் ஒயின், அவ்வளவுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். மெஸ்கலின் கதை சுவையான கதைதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அதை வைத்து மட்டும் அவரை எடை போட்டால் ஆள் தப்பிவிடுவார்.

கவிஞரா ஓவியரா என்றால், இரண்டும்தான். ஆனால் பாட்டும் எழுதுவார், படமும் போடுவார் என்று நாம் சாதாரணமாகச் சொல்வோமே, அந்த மாதிரி இல்லை. அவருடைய படங்கள் கவிதைக்குத் துணையாக வந்தவை அல்ல. சொற்களிடமிருந்து கொஞ்ச நேரம் தப்பித்து ஓட ஓர் இடம் தேவைப்பட்டது, அந்த இடம்தான் ஓவியம். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாமே சொல் மட்டுமே ஆளும் ஒரு பண்பாட்டில், அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து கழற்றிப் போடத்தான் வரைகிறேன் என்பது 1972-இல் அவர் கொடுத்த விளக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

அப்புறம் பெயர். எழுத்தைப் பார்த்துவிட்டு ‘மிச்சாக்ஸ்’ என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். கடைசி எழுத்து ஒலிக்காது, மிஷோ.

பிறந்தது பிரான்சில் இல்லை, பெல்ஜியத்தில். நமூர் என்ற ஊர், 1899 மே 24. தொப்பி வியாபாரக் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. மூன்று வயது மூத்த அண்ணன் ஒருவர். மிஷோ கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அதனால்தான் அவரைப் பிரெஞ்சுக் கவிஞர் என்பதைவிடப் பிரெஞ்சு மொழிக் கவிஞர் என்பது பொருத்தம். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியதே 1955-இல்தான். பிறந்த நாட்டின் மேல் அவருக்குப் பெரிய பாசம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எவரும் ஒரே ஆவணத்தில்தான் போய் நிற்க வேண்டும். தன்னைப் பற்றிய ஒரு நூலுக்காக, 1950-களின் இறுதியில், அவர் எழுதிக் கொடுத்த வாழ்க்கைக் குறிப்பு அது. தலைப்பே ‘ஐம்பத்தொன்பது ஆண்டு இருப்பைப் பற்றிச் சில தகவல்கள்’. வாழ்க்கை என்றுகூடச் சொல்லவில்லை, இருப்பு என்கிறார்! ஆண்டைப் போட்டு, பக்கத்தில் தந்தி அடிப்பது போல ஒன்றிரண்டு சொற்கள். ‘நான்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை, யாரோ ஒரு மூன்றாம் மனிதரின் மருத்துவச் சீட்டு மாதிரி இருக்கும். முதல் ஆறு வருடத்துக்கு என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? எதிலும் ஈடுபாடு இல்லை. பசி இல்லை. விளையாட்டு பிடிக்காது. சாப்பாடு குமட்டும், வாசனை ஆகாது, யாரும் தொட்டால் ஆகாது. இரத்தசோகை. படமும் சொல்லும் இல்லாத, அசையாத கனவுகள்.

சாப்பிட மறுக்கும் பிள்ளை என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? மந்திரிப்போம், ஊட்டிவிடுவோம், அடிப்போம். அவர்கள் ஏழு வயதில் கொண்டுபோய் ஒரு கிராமத்து விடுதியில் விட்டார்கள். பூட்டே-கிராஸ்ஹைடே என்ற ஊர், பிரெஞ்சு பேசாத ஃபிளெமிஷ் பகுதி. கூடப் படித்தவர்கள் சிறு விவசாயிகளின் பிள்ளைகள். குளிருக்கு நெருப்பு மூட்டாத, நாற்றமடிக்கும் அறை. பிரெஞ்சு வீட்டிலிருந்து போன பிள்ளைக்கு அங்கே சில வருடம் ஃபிளெமிஷ் மொழியில்தான் பாடம். தாய்மொழி என்பது தோலோடு ஒட்டிய சமாச்சாரம் இல்லை என்று அவருக்கு அங்கேதான் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

பிறகு பிரஸ்ஸல்ஸில் ஏசு சபைப் பாதிரியார்களின் பள்ளி. அந்தக் காலத்தில் அவர் குறிப்பிடும் பெரிய சம்பவங்கள் இரண்டு. ஒன்று, தோட்டத்தில் எறும்புகள் போட்ட சண்டை. இன்னொன்று, அகராதியைக் கண்டுபிடித்தது. கதைப் புத்தகத்தில் சொற்கள் ஏற்கெனவே வாக்கியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும். அகராதியில் அவை இன்னும் எவருக்கும் சொந்தமாகவில்லை, எடுத்து நம் இஷ்டத்துக்குப் பயன்படுத்தலாம். பிற்காலத்தில் சொற்களையே சந்தேகித்தவர் சிறுவனாக அகராதியில் மூழ்கிக் கிடந்தார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். எறும்புச் சண்டையையும் மறந்துவிடாதீர்கள். அவருடைய மை ஓவியங்களைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும்.

முதல் உலகப் போரில் பிரஸ்ஸல்ஸ் ஜெர்மானியர் கையில் இருந்தது. போர் முடிந்த கையோடு துறவியாகப் போகிறேன் என்றார், அப்பா விடவில்லை. சரி என்று மருத்துவம் படிக்கச் சேர்ந்தார், தேர்வுக்கே போகவில்லை. 21 வயதில் கப்பலேறிவிட்டார், மாலுமியாக. முதலில் பாய்மரக் கப்பல், அப்புறம் வேறு கப்பல்கள். பிரேமன், சவன்னா, ரியோ, போனஸ் ஐரிஸ். ரியோ துறைமுகத்தில் சாப்பாடு சகிக்கவில்லை என்று மாலுமிகள் எல்லோரும் உடம்பு சரியில்லை என்று ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து இவரும் இறங்கிவிட்டார். இருபது நாள் கழித்து அந்தக் கப்பல் நியூயார்க்குக்குத் தெற்கே மூழ்கிப்போனது. சிறு வயதில் சாப்பிட மாட்டேன் என்றதால் விடுதிக்கு அனுப்பப்பட்டவர், வாலிப வயதில் அதே சாப்பாட்டுத் தகராறில் உயிர் தப்பினார்.

1921-இல் உலகெங்கும் கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப்போடும் நிலை வந்தது, வேலை போயிற்று. கரையேறி வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தவர் கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் லோத்ரேயாமோன் எழுதிய ‘மல்டோரோர்’ என்ற உரைநடைக் கவிதை நூல் கிடைத்தது. எழுத வேண்டும் என்ற எண்ணத்தை மூட்டியது அதுதான். 1922-இல் பிரஸ்ஸல்ஸில் ஃபிரான்ஸ் எல்லன்ஸ் நடத்திய சிறுபத்திரிகையில் முதல் படைப்பு வந்தது. 1924-இல் பாரிஸ். சில்லறை வேலைகள், கவிஞர் சூப்பர்வியேலிடம் செயலாளர் வேலை, பதிப்பாசிரியர் ஜான் போலானின் நட்பு. 1927-இல் கலிமார் பதிப்பகத்தில் முதல் தொகுப்பு. இந்தப் பாரிஸ் காலத்தை வாழ்க்கை வரலாறுகள் பக்கம் பக்கமாக எழுதும். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கப் பார்த்த சர்ரியலிஸ்டுகள் கூட்டம் அப்போது உச்சத்தில் இருந்தது, இவர் அந்தப் பந்தியில் உட்காரவில்லை என்று சொன்னால் போதும்.

அந்த முதல் தொகுப்பில் ‘பெரும் சண்டை’ என்று ஒரு கவிதை. இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வினைச்சொற்களில் பல எந்தப் பிரெஞ்சு அகராதியிலும் இல்லாதவை, இவரே உருட்டியவை. தமிழில் பாவனையாகச் சொன்னால், “அவனைப் பிடுக்கித் தரையில் தவட்டினான், கழுத்தோடு முறுவறுத்து மொடுக்கினான்” என்பது போல. ‘தவட்டினான்’ என்றால் என்ன என்று தெரியாது, ஆனால் அடி விழுந்தது மட்டும் நன்றாகத் தெரிகிறது இல்லையா? விகுதியும் வேற்றுமையும் ஒழுங்காக இருந்தால் போதும், அர்த்தம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். சொல்லை நம்பாத ஒருவர், சொல்லை எவ்வளவு தூரம் கழற்றிப் பார்க்கலாம் என்று சோதித்திருக்கிறார். அதே 1927-இல் சில தாள்களில் இன்னும் ஒரு படி மேலே போனார். எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளை வரிசை வரிசையாகப் போட்டு, ஒன்றுக்கு ‘அகரவரிசை’, இன்னொன்றுக்குக் ‘கதை’ என்று பெயர் வைத்தார். தூரத்தில் பார்த்தால் கையெழுத்து, கிட்டே போனால் ஒன்றும் படிக்க முடியாது. ஓவியரான மிஷோ தொடங்குவது இங்கேதான்.

அதுவரை அவருக்கு ஓவியம் என்றாலே பிடிக்காது. இருக்கிற யதார்த்தமே போதவில்லையா, இதற்கு நகல் வேறு எடுக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. 1925-இல் பவுல் க்ளே, மாக்ஸ் எர்ன்ஸ்ட், கீரிகோ ஆகியோரின் படங்களைப் பார்த்த பிறகுதான், ஓவியம் நகல் எடுக்கும் வேலை மட்டும் இல்லை என்று பிடிபட்டது. க்ளேயைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதும்போது, அதற்கு முன் யாரும் ஒரு கோட்டைக் கனவு காண விட்டதில்லை என்றார். ஓவிய விமர்சனத்தில் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு சொன்னவர்களை நான் அதிகம் படித்ததில்லை.

1927-இன் இறுதியில் ஈக்வடார் பயணம். அந்நாட்டுக் கவிஞர் அல்ஃபிரேடோ கங்கோத்தேனா அழைத்துப் போனார். கடல் மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கீட்டோ நகரம், மிஷோவுக்கோ பலவீனமான இதயம். திரும்பும்போது நாப்போ ஆற்றில் ஓடம் ஏறி, அமேசானில் இறங்கி, அட்லாண்டிக் கரைவரை வந்தார். 1929-இல் வெளியான ‘ஈக்வடார்’ நாட்குறிப்பில் அமேசான் வரும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. வேறு யாராவது என்றால் அந்த ஆற்றை வர்ணித்துத் தள்ளியிருப்பார்கள். இவர் சொல்வது இவ்வளவுதான்: எங்கே அந்த அமேசான்? படகிலிருந்து பார்த்தால் தண்ணீர்தான் தெரிகிறது. பார்க்க வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும், விமானம் வேண்டும். ஆகவே நான் அமேசானைப் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றிப் பேசப்போவதில்லை!

1929-இல் பத்தே நாள் இடைவெளியில் அம்மாவும் அப்பாவும் இறந்தார்கள். அடுத்து ஆசியா. இந்தியா, இலங்கை, மலாய் நாடுகள், சீனா, ஜப்பான். வாழ்க்கைக் குறிப்பில் இந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் உயர்கிறது. கடைசியில் தனக்கான பயணம் இதுதான் என்கிறார். சாரமான விஷயத்தில் மனநிறைவைத் தேடுகிற மக்கள் என்று ஒரு கூட்டமாகத் தனக்குத் தோன்றிய முதல் மக்கள் இந்தியர்கள் என்கிறார். 1933-இல் வந்த அந்தப் பயணநூலின் தலைப்பில் இருக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் ‘காட்டுமிராண்டி’ என்று அகராதி சொல்லும். நம்மிடம் அதைவிடக் கச்சிதமான பழைய சொல் ஒன்று இருக்கிறது: மிலேச்சன். ‘ஆசியாவில் ஒரு மிலேச்சன்’. அந்த மிலேச்சன் ஆசியாக்காரன் இல்லை, மிஷோவேதான்.

தென்னிந்தியாவுக்கு அதில் தனிப் பகுதி உண்டு, இலங்கைக்கும் உண்டு. எடுத்த எடுப்பில் கல்கத்தாத் தெருக்களைப் பார்த்துவிட்டு, தேவாலயத்துக் குருமார்கள் மட்டுமே வாழும் ஒரு நகரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அப்படி இருக்கிறது என்கிறார். அவசரமில்லாத, தன்மேல் முழு நம்பிக்கை கொண்ட, வெள்ளை உடுத்திய ஆண்கள். மேற்கத்தியத் தத்துவம் முடியைக் கொட்ட வைத்து ஆயுளைக் குறைக்கும், கிழக்கத்தியத் தத்துவம் முடியை வளர வைத்து ஆயுளைக் கூட்டும் என்று ஒரு போடு. படித்தால் ஒரு பக்கம் சிரிப்பு வரும், அடுத்த பக்கம் கோபம் வரும். போகிற போக்கில் ஒரு நாட்டையே ஒரு வரியில் முடித்துவிடும் ஐரோப்பியத் திமிர் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் அதை அவரே ஒப்புக்கொண்டார். 1967 பதிப்பின் முன்னுரையில், இந்தப் புத்தகம் பழசாகிவிட்டது, என் வெகுளித்தனம், என் அறியாமை, எல்லாம் அப்பட்டமாகத் தெரிகிறது என்று எழுதினார். ஜப்பானைப் பற்றிய பகுதியை ஐம்பது வருடம் கழித்துத் திரும்பப் படித்தபோது கூச்சமாகவும் திகைப்பாகவும் இருந்தது என்று குறிப்பு சேர்த்தார். 1941-இல் இதை ஸ்பானிய மொழியில் பெயர்த்தவர் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் என்பது கொசுறுத் தகவல்.

இந்தியா அவர் சிந்தனையைக் கிளறியது என்றால், கையை மாற்றியது சீனா. சீன ஓவியத்தைப் பார்த்த அந்தக் கணமே கோடுகளின் உலகத்துக்கு நான் மதம் மாறிவிட்டேன் என்பது அவரே சொன்னது.

அவருடைய எழுத்தில் எதைக் காட்டினால் ஆள் பிடிபடும் என்று யோசித்தால், ப்ளூம்தான். 1930-இல் வந்த ‘ஒரு ப்ளூம்’ என்ற சிறு புத்தகத்தின் நாயகன். பிரெஞ்சில் ப்ளூம் என்றால் இறகு, பேனா என்றும் பொருள். ஒரு கதை இப்படிப் போகிறது. ப்ளூம் படுக்கையில் கையை நீட்டுகிறான், சுவர் தட்டுப்படவில்லை. எறும்பு தின்றிருக்கும் என்று நினைத்துத் தூங்கிவிடுகிறான். மனைவி எழுப்புகிறாள்: சோம்பேறி, நீ தூங்கியபோது வீட்டையே திருடிக்கொண்டு போய்விட்டார்கள்! பார்க்கிறான், சுற்றிலும் வானம். போனது போயிற்று என்று மறுபடி தூக்கம். ஒரு ரயில் அவர்கள் மேல் பாய்ந்து வருகிறது. இவ்வளவு வேகமாக வந்தால் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தபடி தூக்கம். குளிரில் கண் விழித்தால் உடம்பெல்லாம் இரத்தம், பக்கத்தில் மனைவியின் துண்டுகள். இரத்தம் என்று வந்துவிட்டால் தொல்லைதான், அந்த ரயில் வராமல் இருந்திருக்கலாம், ஆனால் வந்து போய்விட்டதே என்று மறுபடியும். நீதிபதி கேட்கிறார்: எட்டுத் துண்டாகக் கிடந்தாள், பக்கத்தில் படுத்திருந்த நீ ஒன்றுமே செய்யவில்லையா? இந்த விஷயத்தில் இவருக்கு நான் உதவ முடியாது என்று ப்ளூம் நினைக்கிறான், தூங்குகிறான். நாளை மரண தண்டனை, ஏதாவது சொல்ல வேண்டுமா? மன்னிக்கவும், வழக்கை நான் கவனிக்கவில்லை என்கிறான். தூங்கிவிடுகிறான்.

ஒரு பக்கத்துச் சொச்சம் கதை, அலங்காரம் கிடையாது. இதைச் சோம்பேறித்தனம் பற்றிய நகைச்சுவை என்று படிக்கலாம். ஆனால் வந்தவன் போனவன் எல்லாம் குற்றம் சாட்டும் உலகத்தில், சாட்டையடி வாங்கிக்கொண்டே இருக்கும் ஒரு சாது மனிதனின் கடைசித் தற்காப்பு தூக்கம் என்றும் படிக்கலாம். சாப்பிட மறுத்த அந்தப் பிள்ளையை எனக்கு இங்கே அடையாளம் தெரிகிறது.

ஒழுங்காக வரையத் தொடங்கியது 1930-களின் நடுவில். ஓவியம் படித்தவர் இல்லை, யாரிடமும் பயிற்சி எடுக்கவில்லை. கறுப்புத் தாளில் கோவாஷ் என்ற, நீரில் கரையும் அடர்த்தியான வண்ணம். நிறத்தை வைத்த கணமே அது தாளாக இருப்பதை விட்டு இரவாகிவிடுகிறது என்பார். அந்த இரவிலிருந்து முகங்கள் வந்தன, பாதி உருவான, யாருடையது என்று தெரியாத முகங்கள். 1937-இல் பாரிஸில் முதல் கண்காட்சி. நீர்வண்ணத்தையும் தண்ணீர் இஷ்டத்துக்குப் பரவவிட்டு, அதில் என்ன வருகிறது என்று பார்த்தார். திட்டம் போட்டுச் செய்வதெல்லாம் சொல்லின் வேலை, கை தானாகச் செய்யட்டும் என்பது அவர் கட்சி.

இரண்டாம் போரின்போது தெற்கே லே லவாந்து என்ற கடற்கரை ஊரில் ஒதுங்கினார். பிறகு பாரிஸுக்குத் திரும்பினார். குறிப்பில் ‘ஜெர்மானிய ஆக்கிரமிப்பு’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் ‘இரண்டாவது’ என்று போட்டிருக்கிறார். 1941-இல் அவரைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசுவதற்காகப் பிரெஞ்சு நாவலாசிரியர் ஆந்திரே ழீது ஓர் உரை எழுதினார். மிரட்டலால் கூட்டம் நின்றுபோனது, உரை புத்தகமாக வந்தது. அதுவரை சிலருக்கே தெரிந்திருந்த பெயர் பரவத் தொடங்கியது அப்போதுதான்.

1943-இல் மாரி-லூயிஸைத் திருமணம் செய்தார். அடுத்த வருடம் அண்ணன் இறந்தார். போர்க்காலத்துப் பட்டினியில் மனைவிக்குக் காசநோய். மெல்ல மெல்லக் குணமாகி, 1947-இல் ஏறக்குறைய தேறிவிட்டார், இருவரும் எகிப்துக்கெல்லாம் போய்வந்தார்கள். அடுத்த வரி: 1948 பிப்ரவரி, கொடிய தீக்காயங்களால் மனைவியின் மரணம். இரவு உடையில் தீப்பிடித்திருந்தது. அந்தச் சாவுக்காக ‘இன்னும் நாம் இருவர்’ என்று ஒரு சிறு நூல் எழுதினார், அச்சிட்டார், பிறகு அவரே அதை விற்பனையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். உயிரோடு இருந்தவரை மறுபதிப்புக்கு விடவில்லை. துக்கத்தைச் சொன்னதே தப்பாகப் போயிற்று என்று நினைத்தாரோ என்னவோ. அந்த மாதங்களில் வரைந்தது மட்டும் நூற்றுக்கணக்கில். பேனாக் கோடும் நீர்வண்ணமுமாகச் சிதைந்த உருவங்கள்.

அங்கிருந்து 1951-இல் வந்த ‘அசைவுகள்’ நூலுக்கு ஒரு எட்டுதான். பதிப்பாளர் ரெனே பெர்ட்டலே தூண்ட, பழைய பொய்யெழுத்துகளைத் திரும்ப எடுத்தார். 1,200 பக்கங்கள் போட்டார். அதில் 64 மட்டும் புத்தகத்துக்குப் போயின. வெள்ளைத் தாளில் கறுப்பு மைக் குறிகள். ஒன்று ஓடுகிறது, ஒன்று துள்ளுகிறது, ஒன்று குப்புற விழுகிறது. மனிதனா, பூச்சியா, எழுத்தா என்று கேட்டால் மூன்றும் இல்லை. பின்னால் பெரிய தாள்களில் மையைத் தெறிக்கவிட்டு வரைந்த படங்களுக்கும் வேர் இதுதான். அவற்றில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் மோதிக்கொள்ளும், அந்தத் தோட்டத்து எறும்புகளைப் போல. இடையில் ஒன்று: அவர் பயன்படுத்திய மையைப் பிரெஞ்சுக்காரர்கள் சீன மை என்பார்கள், ஆங்கிலேயர்கள் இந்திய மை என்பார்கள். இரண்டு நாட்டுக்கும் போய்வந்தவருக்குப் பொருத்தம்தான்.

சரி, மெஸ்கலின். மெக்சிகோவில் விளையும் பெயோட்டே என்ற கள்ளியில் இருக்கும் பொருள் அது. போலானும் கவிஞர் எடித் புவாசொனாவும் கூட இருக்க, முதல் முறை எடுத்துக்கொண்டார். சொர்க்கத்தைத் தேடிப் போகவில்லை, மனம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் போனார். கையில் தாளும் பேனாவும். 1956-இல் வந்த முதல் நூலின் தலைப்பே ‘பரிதாபமான அற்புதம்’. மெஸ்கலின் காட்டிய காட்சிகள் அவருக்கு மலிவான பகட்டாகத்தான் தோன்றின. அவரை உலுக்கியது வேகம். எழுதும்போதே கையெழுத்து நடுங்கி, இழுபட்டு, படிக்க முடியாத கோடாகிவிடும். அந்தப் பக்கங்களை அப்படியே நூலில் அச்சிட்டார். ஒரு முறை கணக்குத் தவறி, தனக்குப் போதுமானதைப் போல ஆறு மடங்கு எடுத்துவிட்டார். பைத்தியம் என்பது உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டதை அந்தப் புத்தகம் நடுக்கத்தோடு சொல்கிறது.

மெஸ்கலின் படங்கள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் போதையில் போட்டவை அல்ல. அது அடங்கிய பிறகு, உடம்பில் அதிர்வு மிச்சமிருக்கும் நாட்களில் நிதானமாக வரைந்தவை. தாளின் நடுவே நெடுக்காக ஒரு பிளவு, இருபுறமும் சீப்புப் பல் போலப் பல்லாயிரம் நுண்கோடுகள். வாங்கிப் போட்டுக்கொண்டு எவனாலும் வரையக்கூடிய படம் இல்லை அது. 1963-இல் இந்த அனுபவத்தை வைத்து ஒரு திரைப்படம் எடுக்கச் சொன்னார்கள். எடுக்க உதவினார், ஆனால் இது முடியாத காரியம், அந்த வேகத்தைப் படம் எட்டவே எட்டாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். 1960-களின் நடுவிலேயே இந்தச் சோதனைகளை மூட்டை கட்டி வைத்தார்.

1957-இல் வலது முழங்கை முறிந்தது. கொஞ்ச காலம் அந்தக் கை உதவவில்லை. அதற்கு அவர் எழுதிய குறிப்பு: இடது மனிதனைக் கண்டுபிடித்தல். வாழ்நாளெல்லாம் தன்னை மாற்றிக்கொள்ள இவ்வளவு பாடுபட்டும், எலும்புகள் தன்னைக் கண்டுகொள்ளாமல் பரம்பரை வழியே போய்க்கொண்டிருக்கின்றன என்று ஒரு முணுமுணுப்பு வேறு.

புகழ் வந்த பிறகும் பழைய குணம் போகவில்லை. 1960-இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஐனாவுதி பரிசு. 1965-இல் பிரெஞ்சு அரசின் தேசிய இலக்கியப் பெரும்பரிசைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். புகைப்படம் எடுக்க விடமாட்டார். தன் நூல்களை மலிவுப் பதிப்பில் போட விடமாட்டார். கலிமார் பதிப்பகத்தின் பிளேயாத் நூல்வரிசையில் ஒருவரின் எழுத்துகளைத் தொகுத்தால் பிரெஞ்சு இலக்கியத்தில் அவருக்குச் சிலை வைத்தது போல. கலிமார் கேட்டபோது அதற்கும் மறுத்தார். சாப்பாட்டில் தொடங்கிய ‘வேண்டாம்’ அது. இதில் நடிப்பு கொஞ்சமும் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். இருந்திருக்கலாம். ஆனால் 1978-இல் பாரிஸ் பொம்பிடூ மையத்திலும் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்திலும் பெரிய கண்காட்சிகள் நடந்தபோது அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. படங்கள் தொங்குவதில் ஆட்சேபம் இல்லை, முகம் தொங்குவதில்தான்.

1984 அக்டோபர் 19, பாரிஸில் இறந்தார், வயது 85. வேண்டாம் என்று சொன்ன பிளேயாத் பதிப்பு 1998, 2001, 2004 என்று மூன்று தடித்த தொகுதிகளாக வந்துவிட்டது. அந்த விஷயத்தில் இறந்தவர் தோற்றார், எங்களைப் போன்ற வாசகர்களுக்கு வசதி.

எங்கே தொடங்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். படிப்பதற்கு ப்ளூம் கதைகள், ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அவை தாங்கும். பார்ப்பதற்கு ‘அசைவுகள்’. அதை எடுத்தால் முதல் தடவை ஒவ்வொரு குறிக்கும் அர்த்தம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். விரலால் வேகமாகப் பக்கங்களைத் தள்ளுங்கள், சின்ன வயதில் நோட்டுப் புத்தக ஓரத்தில் பொம்மை வரைந்து ஓடவிடுவோமே, அந்த மாதிரி.